வலைக்குள்ள ஒரு சாக்ஸ்

இல்ல சார், நீங்க திருடினீங்கன்னு நான் சொல்லவே இல்ல. சொன்னேனா? திரும்ப ஒருவாட்டி யோசிச்சுப் பாருங்க. அது எங்க மரம்னு சொன்னேன். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நீங்க காசு கொடுத்திருக்கீங்க, கையில ரசீது இருக்கு, கிறிஸ்துமஸ் மரத்தை வலையில திணிச்சுக் கட்டிக் கொடுத்திருக்காங்க, தள்ளுவண்டியில வெச்சு கார் வரைக்கும் கொண்டு வந்துட்டீங்க. எல்லாம் சரி. ஒரு தப்பும் பண்ணாத மனுஷன் கையில எங்க மரம் இருக்கு, அவ்வளவுதான் நான் சொல்றது.

இருங்க, மேல ஏத்தாதீங்க. எப்படியும் உங்க வீட்டுக்காரம்மா வர்ற வரைக்கும் நீங்க கிளம்ப முடியாது. வான்கோழி வரிசையிலதானே நிக்கறாங்க? பச்சைத் தொப்பியா? அதோ, கொட்டகை முனையில நிக்கறாங்களே, அவங்களா. அப்ப இன்னும் நேரமாகும் சார். இந்த வரிசை நகரவே நகராது. ஒவ்வொருத்தரும் பெட்டியைத் திறந்து பறவையைப் பாத்து, நான் சொன்ன அளவு இது இல்லன்னு ஒரு சண்டை போட்டுட்டுத்தான் நகருவாங்க. அதுவரைக்கும் நாம நாகரிகமா பேசலாம். நான் கத்த மாட்டேன். கத்தினா நியாயம் குறைஞ்சுடும்.

எங்களோடதுன்னு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. உச்சியிலேர்ந்து கொஞ்சம் கீழ, வலைக்குள்ள மஞ்சளா ஒண்ணு நசுங்கிக் கிடக்குது பாருங்க. ரிப்பன் இல்ல சார். சாக்ஸ். எங்க அப்பா சாக்ஸ். குதிகால்ல பச்சை நூல்ல ஒரு தையல் இருக்கும், மஞ்ச நூல் இல்லன்னு அம்மா பச்சையில போட்டது. குனிஞ்சு பாருங்க. இந்தப் பக்கமா வாங்க, அங்கேர்ந்து தெரியாது. தெரியுதா? அப்புறம் என்ன?

நீங்க இந்தப் பக்கம் புதுசு போல. பர்மிங்ஹாமா. அதான். மரத்துல சாக்ஸ் தொங்கினா கடைக்காரங்களே அழகுக்குக் கட்டி விட்டிருக்காங்கன்னு நினைச்சுட்டீங்க. இங்க எப்படின்னா, அக்டோபர் கடைசியில வயலைத் திறந்து விட்டுடுவாங்க. குடும்பம் குடும்பமா வந்து, சேத்துல நடந்து, பிடிச்ச மரத்துல பேர் எழுதின அட்டையைக் கட்டிட்டுப் போயிடலாம். மரம் வயல்லயே நிக்கும். டிசம்பர்ல வந்தா வெட்டிக் கொடுப்பாங்க. ஆனா அத்தனை மரத்துல அட்டையைத் தேட முடியுமா? அதனால ஆளுக்கொரு அடையாளம் வெப்பாங்க. ஒருத்தர் கால்பந்து மஃப்ளரைச் சுத்தி விடுவாரு. ஒருத்தங்க பழைய டீ வடிகட்டியைத் தொங்க விடுவாங்க. ஒரு வீட்டுக்காரங்க வருஷா வருஷம் உள்பாவாடையைக் கட்டுவாங்க. யாரோடதுன்னு எங்க ஊர் பாதிரியாருக்கே தெரியும், கேட்டா மட்டும் தெரியாதுன்னு சொல்லுவாரு.

எங்க அப்பா ஒரு வருஷம் அடையாளத்துக்கு எதுவும் எடுத்துட்டு வர மறந்துட்டாரு. அம்மா திட்ட ஆரம்பிச்சாங்க. இவரு ரப்பர் பூட்ஸைக் கழட்டி, ஒரு கால் சாக்ஸை உருவி, எட்டின உயரத்துல கட்டிட்டாரு. கார் வரைக்கும் ஒரு கால் மட்டும் பூட்ஸுக்குள்ள சளக் சளக்குன்னு. அன்னிலேர்ந்து அதுவே வழக்கமாயிடுச்சு. அதே ஜோடிதான். இந்தக் கடையிலயே வாங்கினது, உள்ள சீஸ் பக்கத்துல ஒரு கூடையில போட்டு வெச்சிருப்பாங்களே, அதுலேர்ந்து. ஒண்ணு மரத்துல, இன்னொண்ணு வீட்ல டிராயர்ல தனியா கிடக்கும். மரம் வெட்டற அன்னிக்கு அந்த ஒத்தை சாக்ஸைப் போட்டுக்கிட்டு, மத்த கால்ல கைக்கு வந்த எதையாவது மாட்டிக்கிட்டு வருவாரு. மரத்துலேர்ந்து அவுத்துப் பையில வெச்சுக்கிட்டு, ஜோடி சேந்தாச்சு, இனிமே கிறிஸ்துமஸ் வரலாம்னு சொல்லுவாரு. வருஷா வருஷம் அதே வார்த்தை, அதே சிரிப்பு. நானும் அம்மாவும் வேற குடும்பம் மாதிரி தள்ளி நின்னுக்குவோம்.

பலகையா? பாத்தேன். பாக்காம வருவேனா. குறிச்ச மரத்தை டிசம்பர் ரெண்டாவது ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துக்கணும், இல்லன்னா பொது விற்பனைக்கு விட்டுடுவோம். கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க. எங்க போட்டிருக்காங்க? காபிக் கடை வாசல்ல, கலைமான் கூண்டுக்குப் பக்கத்துல. மரம் எங்க நிக்குது? வயல்ல. வயல்ல மரத்தைக் குறிக்க வந்தவன் எதுக்கு சார் காபிக் கடை வாசல்ல போய் நிபந்தனையைப் படிக்கணும்? இது ஒண்ணு. ரெண்டாவது, இந்தப் பலகை இந்த வருஷம்தான் வந்தது. முன்னாடி கடையை நடத்தினவங்க எப்ப வந்தாலும் சாக்ஸ் மரமான்னு கேட்டு எடுத்துக் கொடுப்பாங்க. இப்ப கை மாறிடுச்சு. புது ஆளுங்க. வலை போடறவருக்கு எங்க முகமே தெரியல. மூணாவது...

சிரிக்கறீங்க. சட்டம் படிக்கிற பொண்ணுன்னு கண்டுபிடிச்சுட்டீங்க. ஆமா, பிரிஸ்டல்ல, ரெண்டாவது வருஷம். அதனால என்ன? தன்னுது இல்லாததை ஒருத்தன் வித்தா, வாங்கினவனுக்கும் அது சொந்தமாகாது. முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. ஆனா அது தெரிய பல்கலைக்கழகம் போகணுமா? ஒரு மரத்துல ஒரு மனுஷனோட சாக்ஸ் தொங்குது. ஒத்தை சாக்ஸ். அது யாரோ ஒருத்தர் திரும்பி வருவாங்கன்னு சொல்லுது இல்லையா? அட்டையைக் கழட்டினவங்க இதையும் கழட்டியிருக்கணும், இல்லன்னா மரத்தை விட்டிருக்கணும். அவங்களுக்கு எட்டல போல. அப்பா உயரம் அப்படி. கையைத் தூக்கினா எங்க வரைக்கும் போகுமோ அதுதான் எங்க வீட்டு அளவுகோல்.

கடைக்காரங்க போன் பண்ணினாங்களாம். என்கிட்டயும் சொன்னாங்க. அட்டையில இருந்த நம்பருக்கு ரெண்டு வாட்டி அடிச்சோம், யாரும் எடுக்கலன்னு. எடுக்க மாட்டாங்கதான். அது அப்பா போன். அணைஞ்சிருக்கு. ஒருத்தர் போன் எடுக்கலன்னா அவர் மரத்தை வித்துடலாமா? அப்படிப் பாத்தா போனே எடுக்காத எங்க பேராசிரியர் வீட்ல ஒரு நாற்காலி கூட மிஞ்சாது.

உங்க போன்தான் அடிக்குது. எடுங்க, எடுங்க, நான் நிக்கறேன்.

செஸ்ட்நட் வாங்கச் சொல்லுங்க. மன்னிச்சுக்கோங்க, காதுல விழுந்துச்சு. வான்கோழிக்குள்ள வைக்கறதுக்குத்தானே? இங்க மூலிகை போட்டது வேண்டாம், வெறும் ரொட்டித்தூள். செஸ்ட்நட் போட்டதுல நிஜமாவே செஸ்ட்நட் இருக்கும். வாத்துக் கொழுப்பு ஒரு டப்பா சேத்து எடுக்கச் சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள தீந்துடும். பன்னிக்கறி போர்க் பை வேணும்னா பெருசு வேண்டாம், சின்னது ரெண்டா வாங்குங்க, மொறுமொறு மாவு ஓரம் நிறைய கிடைக்கும். அப்பா சொல்ற கணக்கு. வீட்டுக்குக் கொண்டு போய் சாப்பிடலாம்னு அம்மா சொல்லுவாங்க. இவரு வண்டி நிறுத்தற இடத்துலயே, கண்ணாடியெல்லாம் மூடிக்கிட்டு, மடியில பேப்பரை விரிச்சு முடிச்சுடுவாரு. கண்ணாடி பூரா ஆவி. அம்மா மடியில ஒரு தண்டு நிறைய குட்டி முட்டைக்கோஸ், கையில சீஸ், நடுவுல மரம்.

ஆமா சார், மரம் காருக்குள்ளதான். மேல கட்ட விடமாட்டாரு. பின்கதவைத் திறந்து, அடிப்பக்கம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்க, உச்சி கியர் பக்கத்துல வந்து நிக்கும். என் சின்ன வயசு கிறிஸ்துமஸ் எல்லாம் காதுல ஊசி குத்தினதுதான் ஞாபகம். வண்டி மேல கட்டின எந்தச் சாமானும் என்னிக்காவது பின்னாடி வர்றவன் மேல விழும்னு சொல்லுவாரு. வேலை அப்படி. ஓட்டுநர் உரிமம் கொடுக்கறதுக்குப் பரீட்சை வைப்பாங்களே, பக்கத்து சீட்டுல அட்டையோட உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம குறிச்சுக்கிட்டே வருவாங்களே. அதேதான். பேரு ஆல்வின் ப்ராஸர். ஹியர்ஃபோர்டு பக்கம் யார்கிட்ட கேட்டாலும் ஒரு நிமிஷம் முகம் சுருங்கும். பாதி ஊரை ஃபெயில் பண்ணியிருக்காரு. பல் டாக்டரை மூணு வாட்டி. அதுக்கப்புறம் எங்க குடும்பத்துக்கே பல் பிடுங்க வேற ஊருக்குப் போக வேண்டியதாயிடுச்சு.

இல்ல, என்னை அவரு பரீட்சை பண்ண முடியாது. சொந்தப் பொண்ணு இல்லையா. ஆனா முதல் வாட்டி வேற ஆள் என்னை ஃபெயில் பண்ணினப்ப, நான் வீட்டுக்கு வந்து அழுதேன். கையில சூப் கரண்டியோட நின்னு கேட்டாரு, எந்த இடத்துல சிக்னல் போடலன்னு. அழுதுக்கிட்டே சொன்னேன். அப்ப அவன் சரியாத்தான் போட்டிருக்கான், நானா இருந்தா இன்னும் முன்னாடியே நிறுத்தியிருப்பேன்னாரு. எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா. ரெண்டு நாள் சாப்பாட்டை ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் ஒருநாள் அவரே சொன்னாரு. கேரிஸ், என் வண்டியில எத்தனையோ பேர் அழுதிருக்காங்க. ஒருத்தரைக்கூட அதுக்காகப் பாஸ் போட்டது இல்ல. அழுதவங்க மேல எரக்கம் இல்லாம இல்ல. அழுது வாங்கினது வண்டி ஓட்டாது, அதனால. நீ வக்கீலாகப் போற, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. உன் பக்கம் நியாயம் இருந்தா அதைச் சொல்லி ஜெயி. எதிராளி மனசு இளகி விட்டுக் கொடுத்தா அது நீ ஜெயிச்சது இல்ல, அவன் போட்ட பிச்சை.

அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு நேரமா நியாயம் பேசிக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு தடவை சரின்னு தலையாட்டினா போதும். பாவம்னு இல்ல. சரின்னு.

இல்ல சார், இது குளிர். மூக்கு எனக்கு எப்பவுமே இப்படித்தான் சிவக்கும். நீங்களே வெச்சுக்கோங்க டிஷ்யூவை.

மாத்திக்கலாமே, நான் தயார். அந்த முற்றத்துல சாத்தி வெச்சிருக்கற மரத்துல எது வேணுமோ எடுங்க, நான் வாங்கித் தர்றேன். இதை விட நல்ல மரம், நாலு பக்கமும் அடர்த்தியா. நிஜமா சொல்றேன், இது நல்ல மரமே இல்ல. வலையில சுத்தி வெச்சிருக்கறதால உங்களுக்குத் தெரியல. வீட்டுக்குப் போய் அவுத்தீங்கன்னா ஒரு பக்கம் மொட்டையா இருக்கும். வேலி ஓரமா, பக்கத்து மரத்தோட நெருக்கத்துல வளந்தது, அந்தப் பக்கம் கிளையே விடல. வேணும்னா தடவிப் பாருங்க. இந்தப் பக்கம் கையை வெச்சா நேரா தண்டு தட்டும். ஆங். நம்பறீங்களா இப்ப?

மொட்டைன்னு தெரிஞ்சும் ஏன் எடுத்தோம்னா, அதுதான் எங்க அப்பா. வயல் பூரா சுத்துவாரு. அம்மா நல்ல மரமா பாத்து நிப்பாங்க, இவரு தலையாட்டுவாரு, நகந்துடுவாரு. கடைசியில எவனும் தொடாத ஒண்ணு முன்னாடி போய் நிப்பாரு. கோணல், மொட்டை, ரெட்டை உச்சி, ஏதாவது ஒரு கோளாறு இருக்கணும். கையைத் தூக்கி அளந்து பாப்பாரு. பாஸ்னு சொல்லுவாரு. வருஷம் பூரா மனுஷங்களை ஃபெயில் பண்ற ஆள், வருஷத்துக்கு ஒரு மரத்தைப் பாஸ் பண்ணுவாரு. மூலையில வைக்கிற மரத்துக்கு எதுக்கு நாலு பக்கம்னு கேப்பாரு. அதுக்குள்ள அம்மா அட்டையில பேரை எழுத ஆரம்பிச்சுடுவாங்க.

இன்னொண்ணு. இது உங்க வீட்டுக்குள்ள நிக்காது. அளந்தீங்களா? எல்லாரும் பண்ற தப்பு இது. வயல்ல மேல வானம் மட்டும்தானே இருக்கு, அங்க எந்த மரமும் சின்னதாத்தான் தெரியும். வீட்டுக்குள்ள கொண்டு போனா கூரையில முட்டிக்கிட்டு தலை குனிஞ்சு நிக்கும். எங்க வீட்ல வருஷா வருஷம் அடியில அறுப்போம். அளவுகோல் கையிலயே இருந்தும் தப்பாகும், ஏன்னா அவரு பூட்ஸோட அளப்பாரு, அப்புறம் நுனிக்கால்ல வேற நிப்பாரு. நிக்கலன்னு சத்தியம் பண்ணுவாரு. நான் பின்னாடி போய் குதிகாலைப் பாத்தா டக்குன்னு இறக்கிடுவாரு.

இந்த வருஷமும் அப்படித்தான். மரத்தைக் குறிக்க வந்த அன்னிக்கு ஒரே தூறல். நான் படிக்கணும், சீக்கிரம் வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சாக்ஸைக் கட்டிட்டு, ஒத்தைக்கால்ல நின்னு பூட்ஸை மாட்ட முடியாம என் தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. அடுத்த வருஷம் நீ ஓட்டுன்னாரு. முன்சீட்டுல மரத்தோட கிளை கியரைத் தட்டும், அதைச் சமாளிச்சு ஓட்டினாத்தான் உண்மையான பாஸ்னாரு.

இன்னிக்கு நான்தான் ஓட்டிட்டு வந்தேன்.

கேக்கறீங்களே, ஏன் அவரே வரலன்னு. அப்பவே கேட்டீங்க, நான் கண்டுக்கல. அவரால வர முடியல. அது உங்க வாதத்துக்கு உதவுமா? யார் வந்தாலும் மரம் எங்களோடதுதானே. அந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஏன் வரலன்னா, வேற ஒரு இடத்துல இருந்தோம். மூணு பேரும். எங்கன்னு சொன்னா உங்க முகம் மாறும், மாறினா நீங்க மரத்தைக் கொடுத்துடுவீங்க. எனக்கு அது வேண்டாம். அம்மா வீட்ல இருக்காங்க. ஆளுங்க வந்து போய்க்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தரும் ஒரு பாத்திரத்துல எதையாவது கொண்டு வந்து வைக்கறாங்க. வைக்க இடமே இல்ல. நீ போயிட்டு வந்துடு, நேரா போ, யார்கிட்டயும் வாயைக் கொடுக்காதன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. என்னைப் பத்தி அம்மாவுக்குத் தெரியும்.

நான் வந்து மர வரிசை ஒண்ணு விடாம நடந்தேன் சார். மேல வேலி வரைக்கும். எங்க மரம் இருந்த இடத்துல அடிக்கட்டை மட்டும் இருக்கு, வெள்ளையா, இன்னும் பால் வடியுது. அதைப் பாத்ததும் எனக்கு வந்த கோவம்... அதுக்கப்புறம்தான் உங்க வண்டியில மஞ்சளாத் தெரிஞ்சுது. எதுக்கு வந்தேன்னே மறந்து போச்சு. மரம் வேணும், மரம்தான் வேணும்னு ஆயிடுச்சு. விட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு. இந்த மாசம் பூரா எல்லாரும் ஒரு காகிதத்தை நீட்டி எங்ககிட்டேர்ந்து ஏதாவது எடுத்துக்கிட்டே போறாங்க, சரிங்க, சரிங்கன்னு கையெழுத்து போட்டுக்கிட்டே இருக்கோம். இதையாவது கேக்கணும்னு தோணுச்சு.

மணி என்ன சார்? லைட்டெல்லாம் போட்டுட்டாங்க.

நாலேகாலா.

சரி. அப்ப மரம் உங்களோடது. இல்ல, நிஜமாத்தான். பலகை இருக்கு, தேதி இருக்கு, நாங்க வரல, நீங்க நேர்மையா வாங்கினீங்க. யோசிச்சுப் பாத்தா உங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஜெயிச்சுட்டீங்க. எனக்கு அந்த சாக்ஸ் மட்டும் கொடுத்துடுங்க. வலையை ரொம்ப அறுக்க வேண்டாம், அந்த ஒரு இடத்துல விரல் போற அளவுக்கு இருந்தா போதும், நான் எடுத்துக்குவேன். கத்தி இருக்கா? சாவி போதும். சாவியால அந்த நூலைத் தூக்குங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன்.

எதுக்கா. ஜோடி சேக்கத்தான்.

டவுன்ல அடக்க ஏற்பாடு பண்றவங்க இருக்காங்க இல்ல, ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல. அந்த ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்த அப்பா இப்ப அங்கதான் இருக்காரு. உடுப்பு கொண்டு வாங்கன்னாங்க, அம்மா எடுத்து வெச்சுக் கொடுத்தாங்க. நேத்து அங்கேர்ந்து ஒருத்தர் அம்மாவுக்குப் போன் பண்ணாரு. ரொம்ப மரியாதையான ஆள். மேடம், ஒரு சாக்ஸ்தான் இருக்கு, வழியில விழுந்துடுச்சு போல, எங்ககிட்டயே புது ஜோடி இருக்கு, போட்டு விடட்டுமான்னாரு. வேண்டாம், இன்னொண்ணு மரத்துல இருக்குன்னாங்க அம்மா. அந்தாளு மரத்துலயான்னு திருப்பிக் கேட்டாரு. பாவம், என்ன நினைச்சாரோ. அப்புறம் மெதுவா, நாளைக்கு அஞ்சு மணிக்கு சவப்பெட்டியை மூடிடுவோம், அதுக்குள்ள கொண்டு வந்தா நானே போட்டு விடறேன், மறுநாள் காலையில சர்ச்சுக்குக் கிளம்பறப்போ திறக்க முடியாதுன்னாரு.

வேண்டாம் சார். மரத்தை இறக்காதீங்க. சொன்னேன் இல்ல, முகம் மாறும்னு. இதுக்காக எனக்கு வேண்டாம், அவரு ஒத்துக்க மாட்டாரு. நீங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான். நிஜமாவே எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல இந்த வருஷம் கையைத் தூக்கி அளக்க ஆள் இல்ல. மூலையா பாத்து வைங்க, மொட்டைப் பக்கத்தை சுவத்துப் பக்கம் திருப்பிடுங்க. முதல்ல அடியில கொஞ்சம் அறுத்துடுங்க, கண்டிப்பா முட்டும்.

இன்னும் கொஞ்சம் தூக்குங்க. கிளைக்கு அடியில முடிச்சு இருக்கு. ரெட்டை முடிச்சு போட்டிருக்காரு, எப்பவும் போடுவாரு. ஆங், இளகுது. வந்துடுச்சு. நீங்க பிழியாதீங்க, கொடுங்க, ஊசியெல்லாம் நானே எடுத்துடறேன். ரொம்ப நன்றி சார். உங்க வீட்டுக்காரம்மா வர்றாங்க பாருங்க, பெட்டியைப் பிடிங்க.

சொட்டச் சொட்ட இருக்கு. பரவாயில்ல, போற வழியில ஹீட்டர் மேல போட்டுக்கிட்டே போனா காஞ்சுடும். ஈர சாக்ஸ் போட்டா அவருக்குப் பிடிக்காது.